டிசோட்டோவும் மூன்றாவது வற்புறுத்தலும்

மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டி உருகுவதற்காகக் குளிர்காலம் முழுக்கச் சாலைகளில் கொட்டிய உப்பை ஏப்ரல் மழை கழுவி முடித்துவிட்டது என்று ஊரார் ஒருமனதாக ஒப்புக்கொண்ட வாரம் அது. உப்பு இருக்கும் வரை எங்கள் மினசோட்டாவில் பழைய கார் வைத்திருப்பவன் எவனும் அதை வெளியே எடுக்க மாட்டான், தகரத்தை அரித்துவிடும். உப்பு போன பிறகு அந்தக் காரைத் தவிர வேறு எதையும் பேச மாட்டான். அந்த வேளையில்தான் என் தம்பி ஆர்வின் ஹௌகன் என்னைக் கோட்டுகள் மாட்டும் மூலைக்கு அழைத்துச் சென்று, தன் வாழ்நாளின் மிகப் பெரிய திட்டத்தை என் காதில் சொன்னான்.

திட்டம் என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். ஆசை வேறு, திட்டம் வேறு. ஆசை அவனுக்குப் பதினாறு வயதிலிருந்தே இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கின் முதலாளியிடம் 1956ஆம் ஆண்டு டிசோட்டோ கார் ஒன்று இருந்தது. மேலே வெள்ளை, கீழே நீலப்பச்சை. பின்புறம் மீன் துடுப்பைப் போல எழுந்து நிற்கும் இரண்டு இறக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சிவப்பு விளக்குகள். ஆர்வின் சனிக்கிழமைதோறும் அதைக் கழுவித் துடைத்தான். அதில் அவனை யாரும் ஒரு முறைகூட ஏற்றிக்கொண்டதில்லை. பிறகு அவன் பல் மருத்துவம் படித்து, நாற்பது ஆண்டுகள் இந்த ஊரின் பற்களைப் பிடுங்கி ஓய்வு பெற்றான். எழுபத்திரண்டு வயதாகிறது. தெருவில் எங்காவது பழைய கார் ஒன்று உறுமினால், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான்.

இப்போது ஊருக்கு வெளியே வான்கோழிப் பண்ணை வைத்திருந்த டெல்மர் க்வாம், அதே ஆண்டு, அதே வண்ணத்தில் ஒரு டிசோட்டோவைக் குளிர்காலங்கள் பல செலவழித்துப் புதிதுபோல் ஆக்கியிருந்தார். காலிக் கோழிக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. வேலை முடிந்ததும் அவருடைய மனைவி பெர்னிஸ், கொட்டகை தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆகவே கார் விற்பனைக்கு வந்தது. ஆர்வின் ஏப்ரல் முழுவதும் "சும்மா பார்க்க" அங்கே போய் வந்துகொண்டிருந்தான்.

நேராக வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அதற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, பணம். அவனுடைய ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பங்கு ஏற்கெனவே ஒரு படகாக மாறி, வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்தது. அந்தப் படகைப் பற்றி அவன் மனைவி லவோன் கோடைதோறும் ஒரு சொல் சொல்லாமல் இருந்ததில்லை. மாறாக, லவோனின் தாயார் விட்டுச் சென்ற ஏரிக்கரை மனை மார்ச் மாதம் விற்கப்பட்டு, அந்தப் பணம் லவோன் பெயரில் வங்கியில் சும்மா இருந்தது. இரண்டாவது தடை பெரியது. தனக்கு ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது எங்கள் மக்களிடையே ஏறக்குறைய ஆடையில்லாமல் தெருவில் நடப்பதற்குச் சமம்.

"அக்கா, நான் கேக்கப்போறதே இல்ல. அவதான் கேக்கப்போறா" என்றான்.

"என்ன கேட்பாள்?"

"'ஆர்வின், இதை வாங்கிக்கோயேன்'னு கேப்பா. நான் வேணாம்பேன். மறுபடியும் கேப்பா. மறுபடியும் வேணாம்பேன். மூணாவது தடவை கேக்கறப்ப ஒரு பெருமூச்சு விட்டு, 'சரி, நீ இவ்வளவு சொல்றதால'ன்னு ஒத்துக்குவேன். காசும் அவ காசு, யோசனையும் அவ யோசனை. நாளைக்கு நடுரோட்டுல நின்னுபோச்சுன்னாகூட என்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது பாரு."

இதை வஞ்சகம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் காப்பி வேண்டுமா என்று கேட்டால், முதல் முறை "ஐயோ, உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்பது மரியாதை. இரண்டாம் முறை "ஏற்கெனவே ஊற்றி வைத்தது மிச்சமிருந்தால் பார்க்கலாம்" என்பது நல்ல வளர்ப்பு. மூன்றாம் முறைதான் கோப்பையை நீட்ட வேண்டும். முதல் முறையே நீட்டுபவர் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் என்று புரிந்துகொண்டு மன்னித்துவிடுவோம். கேட்பவருக்கும் இதே கடமை உண்டு. மூன்று முறை கேட்டாக வேண்டும். இரண்டோடு நிறுத்திக்கொண்டவர் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. அதிலும் லவோன், தன் வீட்டுக்கு வந்தவரை மூன்றாவது தட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு சாப்பிடாமல் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

எனவே அவனுடைய கணக்கு சரியாகவே இருந்தது. அவன் அதைவிட ஓர் அடி முன்னால் போயிருந்ததுதான் எனக்கு உறுத்தியது. மே பதினேழாம் தேதி, எங்கள் முன்னோர் நாடான நார்வேயின் திருநாளுக்கு ஊரில் ஊர்வலம் நடக்கும். டிராக்டர்கள், பள்ளி வாத்தியக் குழு, பழைய கார்கள் எல்லாம் பிரதான வீதியில் வரிசையாகப் போகும். அந்த வரிசையில் "ஹௌகன், 1956 டிசோட்டோ" என்று அவன் அதற்குள் இடம் பதிந்து வைத்திருந்தான். வாங்கப்படாத காருக்கு இடம் பதியலாமா என்று கேட்டேன். அதற்கும் அவனிடம் பதில் இருந்தது.

"பதினாறு வயசுல அந்த வீதியில அந்தக் காரை வாளியும் துணியுமா தொடச்சுக்கிட்டு நின்னேன் அக்கா. ஒரே ஒரு தடவை ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அதே வீதியில போகணும். அவ்வளவுதான்."

அவன் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்தது. ஆகவே நான் உடன்பட்டேன். என் பங்கு எளிது. பெர்னிஸிடம் நாட்டுக் கோழி முட்டை வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும்; என்னை அழைத்துச் செல்லும் சாக்கில் மூவரும் அங்கே போய்ச் சேருவோம்; தக்க தருணத்தில், "வெளி மாவட்டத்துக்காரன் வந்து கொண்டுபோய்விட்டால் பாவம்" என்று ஒரு வாக்கியம் உதிர்க்க வேண்டும். எனக்கு முட்டை உண்மையிலேயே தேவைப்பட்டது. வாக்கியமும் உண்மைதான். எனவே மறுக்கக் காரணம் இல்லை.

பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டோம். ஆர்வின் ஓட்டினான், லவோன் அவன் பக்கத்தில், நான் பின்னால். கணவனும் மனைவியும் சேர்ந்து போகும்போது கணவன்தான் ஓட்டுவான் என்பது எங்கள் தலைமுறையின் ஏற்பாடு. லவோன் இருபது குளிர்காலங்கள் பனிக்கட்டியின் மேல் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு பிள்ளைக்கும் மூக்கில் ரத்தம் வந்ததில்லை. ஆர்வினோ பச்சை விளக்கைக் கண்டாலும், அது மனம் மாறிவிடுமோ என்று பிரேக்கை அழுத்துவான். இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்டுநருக்கு வலப்பக்க இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

டெல்மரின் கொட்டகைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. கார் வெயிலில் பாதியும் நிழலில் பாதியுமாக நின்றது. அது நன்றாக இருந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. முன்புறக் குரோமியப் பட்டையில் நான், லவோன், வானம் எல்லாமே தெரிந்தன.

"அட டெல்மர், என்ன இது? கார் மாதிரி இருக்கே" என்றான் ஆர்வின்.

டெல்மர் பொய் சொல்லிப் பழகாதவர். தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு, கார்தான் என்று உறுதி செய்தார். அதற்குள் அவருடைய நாய் ஓடி வந்து ஆர்வினின் காலில் சாய்ந்து உட்கார்ந்தது.

"நாய் உன்னை ரொம்ப நாள் பழகின மாதிரி பாக்குதே" என்றாள் லவோன்.

"எல்லா நாயும் என்கிட்ட அப்படித்தான்."

"நம்ம வீட்டு நாய் அப்படி இல்லையே."

பெர்னிஸ் ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் காப்பியும் கொண்டுவந்து, ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து வெட்டத் தொடங்கினாள். நாங்கள் மூவரும் வேண்டாம் என்றோம். டெல்மர் காரின் கதவைத் திறந்து காட்டினார். கியர் மாற்றத் தடி கிடையாது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் நான்கு பொத்தான்கள். அழுத்தினால் போதும். எப்படி ஓடுகிறது என்று நான் கேட்டேன். "மோசமில்ல" என்றார் டெல்மர். எங்கள் வட்டாரத்தில் இதற்கு மேல் ஒரு புகழ்மொழி கிடையாது. திருமண நாளன்று மணப்பெண்ணுக்கும் இதுதான் கிடைக்கும்.

ஆர்வின் இறக்கையைத் தொட்டான். கையை எடுத்தான். கால்சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு ஒத்திகை பார்த்து வைத்திருந்த பெருமூச்சை விட்டான். அது பல்லில் வலி இருப்பவனின் பெருமூச்சு போலிருந்தது. தொழில் முறையில் அவனுக்கு அதுதான் பழக்கம். தருணம் வந்துவிட்டது என்று அறிந்து என் வாக்கியத்தை நான் சொன்னேன். லவோன் காரை ஒரு முறை நிதானமாகச் சுற்றி வந்தாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே நின்றாள்.

"அழகா இருக்கு ஆர்வின். உனக்கு வேணுமா?"

"சே சே, நமக்கு எதுக்கு? நம்மகிட்டதான் ஒரு கார் இருக்கே."

"இல்ல, நெசமாத்தான் கேக்கறேன். அம்மா மனை வித்த காசு சும்மாதான கெடக்கு. வாங்கிக்கோயேன்."

ஆர்வினின் காதுகள் மகிழ்ச்சியில் சிவந்தன. திட்டமிட்ட சொற்கள் அப்படியே, திட்டமிட்ட வரிசையில் வந்துகொண்டிருந்தன. மகிழ்ச்சி மிகுந்தவன் அளவை மறப்பான். இரண்டாம் மறுப்பைத் தேவைக்கு மேல் அலங்கரித்தான்.

"வேணாம் லவோன். அது உன் காசு. இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்த ஆடம்பரமெல்லாம்? சத்தியமா வேணாம். வேற யாராவது அனுபவிக்கட்டும்."

பெர்னிஸின் கத்தி கேக்கின் நடுவில் நின்றது. டெல்மர் மூச்சு விடவில்லை. நாங்கள் எல்லோருமே இரண்டு வரை எண்ணிவிட்டு மூன்றுக்காகக் காத்திருந்தோம். ஆர்வின் இறுதிப் பெருமூச்சுக்கான காற்றை ஏற்கெனவே உள்ளே இழுத்துவிட்டான்.

"சரி" என்றாள் லவோன். டெல்மர் பக்கம் திரும்பினாள். "டெல்மர், ஆர்வினுக்கு வேணாமாம். அப்ப நான் எடுத்துக்கறேன்."

உள்ளே போன காற்று ஆர்வினுக்கு வெளியே வரும் வழி தெரியவில்லை. அது கடைசியில் இருமலாக வந்தது.

அடுத்து நடந்த பேரம் எங்கள் முறைப்படி, எந்தக் குறையுமின்றி நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். என்ன விலை என்று லவோன் கேட்டாள். ஏதோ பார்த்துக் கொடுங்கள் என்றார் டெல்மர். மறுபடியும் கேட்டாள். இதற்குப் போய் ஒரு மனிதன் என்ன கேட்பது என்றே தெரியவில்லை என்றார். மூன்றாம் முறை கேட்டதும், இருபத்தாறாயிரம் டாலர் என்று தரையிடம் சொன்னார். அது மிகக் குறைவு, இருபத்தெட்டு கொடுக்கிறேன் என்றாள் லவோன். அவர் மறுத்தார். அவள் வற்புறுத்தினாள். அவர் மறுத்தார். அவள் வற்புறுத்தினாள். அவர் சற்றுத் தயங்கி மறுத்தார். அவள் மூன்றாம் முறையும் வற்புறுத்தினாள். டெல்மர் ஒரு பெருமூச்சு விட்டு, நீங்கள் இவ்வளவு சொல்வதால் சரி என்றார்.

தனக்கு வர வேண்டிய பெருமூச்சு இன்னொருவர் மார்பிலிருந்து வெளிவருவதை ஆர்வின் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு லவோனின் முழங்கையைத் தொட்டுத் தாழ்ந்த குரலில் பேசினான். தாழ்ந்த குரல் கொட்டகைகளில் நன்றாகவே கேட்கும்.

"லவோன், நீ இன்னும் ஒரு தடவை கேக்கல."

"எதை?"

"என்னை. காரைப் பத்தி."

"ரெண்டு தடவை கேட்டேனே. சத்தியமா வேணாம்னு சொன்ன. உன் பேச்சுக்கு நான் மரியாதை குடுக்க வேணாமா?"

"மூணாவது தடவைதான கணக்கு. உனக்குத் தெரியாதா?"

"நீ மட்டும் பல்லைப் பிடுங்கறப்ப யாரையாவது மூணு தடவை கேட்டியா?"

ஆர்வின் வாயைத் திறந்தான், மூடினான். நாற்பது ஆண்டுகள் மற்றவர் வாயைத் திறக்கச் சொன்னவனுக்குத் தன் வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து டெல்மர் சாவியை லவோனின் கையில் வைத்து, கைப் பிரேக்கை நன்றாக இழுத்தால்தான் பிடிக்கும் என்றார். "அதான் வியாழக்கிழமை ஓட்டறப்ப பாத்தீங்களே" என்றும் சேர்த்துக்கொண்டார். சொன்ன பிறகு தன் காலணிகளை மறுபடியும் பார்க்கத் தொடங்கினார்.

பெர்னிஸ் எல்லோருக்கும் கேக் வேண்டுமா என்று கேட்டாள். ஆர்வின் மட்டும் காரின் இறக்கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வீடு திரும்பும்போது நான் டிசோட்டோவில், லவோனுக்குப் பக்கத்தில். மடியில் முட்டைகள். ஆர்வின் பழைய வண்டியில் தனியாக எங்களுக்குப் பின்னால் வந்தான். வழி முழுக்க அவனுக்கு அந்த ஆறு சிவப்பு விளக்குகள்தாம் காட்சி. லவோன் பொத்தானை அழுத்தி, ஒற்றைக் கையால் வளைவுகளைத் திருப்பினாள். முட்டைகளுக்கு ஒன்றும் நேரவில்லை.

"அண்ணி, இவனோட திட்டம் உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

நீ கேட்கவில்லை என்றேன்.

"மூணு தடவை கேட்டிருக்கணுமோ என்னமோ" என்று சிரித்தாள். பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். புதன்கிழமைகளில் தேவாலயத்தில் பெண்கள் சேர்ந்து போர்வை தைப்பார்கள். அங்கே பெர்னிஸின் நாற்காலி லவோனின் நாற்காலிக்குப் பக்கத்தில். ஆர்வின் ஒவ்வொரு முறை "சும்மா பார்த்துவிட்டு" வந்ததும் அந்த வாரப் புதன்கிழமையே லவோனுக்குத் தெரிந்துவிட்டது. சட்டையில் காருக்குப் பூசும் மெழுகின் வாசனை வேறு. அவன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் அவளுக்குப் புரிந்திருந்தது. எல்லாவற்றையும்விட, வியாழக்கிழமை அந்தக் காரை ஓட்டிப் பார்த்ததில் அவளுக்கே அது பிடித்துப்போனது.

"வேணும்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயால சொல்லியிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேன் அண்ணி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் எதையும் வேணும்னு சொன்னதில்ல. எல்லாம் நான் வற்புறுத்தினதால நடந்ததுதானாம். படகு, நாய், ரெண்டாவது புள்ள, எல்லாமே."

இரண்டாவது பிள்ளையை எனக்குத் தெரியும். மோசமில்லை.

மே பதினேழு வந்தது. பதிவேட்டில் காரோடு "ஹௌகன்" என்ற குடும்பப் பெயர் மட்டுமே இருந்ததால் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. பிரதான வீதியின் தொடக்கத்தில், வாத்தியக் குழுவுக்கும் உரவண்டி ஒன்றுக்கும் இடையில் நின்றோம். ஆர்வின் புதுச் சட்டை அணிந்திருந்தான். லவோன் எஞ்சினை அணைக்காமல் அவன் பக்கம் திரும்பினாள்.

"நீ ஓட்டறியா ஆர்வின்?"

"இல்ல இல்ல, நீயே ஓட்டு" என்றது ஆர்வினின் வாய்.

அவன் வாய் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அவனுக்கும் அதற்கும் அந்தக் கணத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. சொல் வெளியே வந்த பிறகே அவன் முகம் அதைக் கேட்டது. லவோன் மறுபடியும் கேட்டாள். அவன் கழுத்து நரம்புகள் புடைக்க, "பரவாயில்ல, உனக்கு நல்லா பழக்கமாயிடுச்சு" என்றது வாய். மூன்றாவது கேள்வி வரவில்லை. வாத்தியக் குழு புறப்பட்டது. லவோன் நடைவேகத்தில் வீதி முழுவதும் ஓட்டிச் சென்றாள். வலப்பக்கம் அமர்பவர் சாலையோரக் குழந்தைகளுக்கு மிட்டாய் வீச வேண்டும் என்பதால் ஆர்வின் மிட்டாய் வீசினான். "மோசமில்ல லவோன்" என்று இருபுறமும் குரல்கள். சிலர் அவனைப் பார்த்தும் கையசைத்தார்கள். மிட்டாய்க்காக.

கோடை முழுவதும் இதுவே நடந்தது. மாலைகளில் ஏரிக்கரை ஐஸ்கிரீம் கடைக்குப் போவோம். புறப்படுமுன் லவோன் இரண்டு முறை கேட்பாள், ஒரு முறைகூடக் குறைத்ததில்லை. அவன் இரண்டு முறை மறுப்பான். பிறகு வழி முழுக்க அவளுடைய கையை, அந்தப் பொத்தான்களை, ஸ்டியரிங்கின் வெள்ளை வளையத்தைப் பார்த்துக்கொண்டே வருவான். ஜூலையில் ஒரு நாள் எனக்குப் பொறுமை தீர்ந்தது. முதல் கேள்விக்கே ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவனைக் கண்டித்தேன்.

"எடுத்த எடுப்புலயா அக்கா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"பார்ப்பவள் லவோன் ஒருத்திதானே?"

"அதான். அவ என்ன நெனப்பா?"

ஆனாலும் என் சொல் அவனுக்குள் எங்கோ வேலை செய்திருக்க வேண்டும். செப்டம்பரில் ஒரு முற்பகல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் அறைக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. "ஆமா" என்றான். சற்று நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் உறுதியாக, "ஆமா, ஓட்டறேன்" என்றான். எட்டிப் பார்த்தேன். எதிரில் புல்வெட்டும் இயந்திரம் மட்டும் நின்றது. நான் ஓசையின்றித் திரும்பி வந்து அழைப்பு மணியை அழுத்தினேன்.

அக்டோபர் நடுவில் வானிலைக்காரர்கள் பனி என்றார்கள். நெடுஞ்சாலைத் துறை லாரிகளில் உப்பு ஏற்றத் தொடங்கியது. அத்தோடு பழைய கார்களின் ஆண்டு முடிந்தது. கோடையில் மாடுகளும் பன்றிகளும் பரிசுக்காக நின்ற மாவட்டப் பொருட்காட்சித் தொழுவங்களைக் குளிர்காலத்தில் கார்களுக்கும் படகுகளுக்கும் வாடகைக்கு விடுவார்கள். ஊரே வண்டிகளை அங்கே கொண்டுபோய் அடைக்கும். ஏப்ரல் வரை எதையும் வெளியே எடுக்க முடியாது. இதுவே கடைசிப் பயணம். ஊரைக் கடந்து இரண்டு மைல்.

சனிக்கிழமை பிற்பகல், லவோன் சாவியோடு வாசலில் நின்றாள். நான் பின்னிருக்கையில் ஏறிவிட்டேன்.

"ஆர்வின், இன்னைக்கு நீ ஓட்டறியா?"

ஆர்வின் கண்களை மூடிக்கொண்டான். அவன் தாடை இறுகியது. ஒரு பெரிய பல் வேரோடு வருவதைப் போல, அந்தச் சொல் மெல்ல அசைந்து அசைந்து வெளியே வந்தது.

"ஆமா."

வானம் இடிந்து விழவில்லை. லவோன் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு, மறுபேச்சின்றிச் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறிக்கொண்டாள்.

அந்த இரண்டு மைலைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். மணிக்குப் பதினைந்து மைல் வேகம். பச்சை விளக்கில் பிரேக். பின்னால் ஒரு டிராக்டர் பொறுமையிழந்தது. ஆனால் பிரதான வீதியில், பழைய தானியக் கிடங்கைக் கடக்கும்போது, அவன் தோள்கள் நிமிர்ந்தன. கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது. அந்த முகத்துக்கு எழுபத்திரண்டு வயது இல்லை. லவோனும் அதைப் பார்த்தாள். வழி முழுக்க அவள் வலது கால் ஒரு முறைகூட இல்லாத பிரேக்கை மிதிக்கவில்லை.

தொழுவ வாசலில் பொருட்காட்சிச் சங்கத்து மனிதர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். ரசீதுப் புத்தகத்தோடு ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தார். வண்டியை உள்ளே ஓட்டி வருபவர்தான் குளிர்கால வாடகையைக் கட்ட வேண்டும் என்பது இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த வழக்கம். ஆர்வினும் அறிவான், படகை அவனே இழுத்து வந்திருக்கிறான். மகிழ்ச்சியில் அது அவனுக்கு நினைவில் இல்லை. அவன் வலப்பக்கம் திரும்பினான். லவோன் தன் பக்கத்து ஜன்னல் வழியே, ஆளில்லாத மாட்டுக் கொட்டில்களை மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு யார் எதைக் கட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரின் விலை இருபத்தெட்டாயிரம் டாலரை, அந்த மே ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே லவோன் கட்டினாள். காப்பீட்டை ஜூன் மாதம் அவளே கட்டினாள். கோடைக்கால ஐஸ்கிரீம்களுக்கு நான் பணம் கொடுத்தேன், மூன்றாவது வற்புறுத்தலுக்குப் பிறகு அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். குளிர்கால வாடகை முந்நூற்று நாற்பது டாலரை அந்த அக்டோபர் சனிக்கிழமை, தொழுவ வாசலிலேயே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஆர்வின் கட்டினான். கார் உங்கள் மனைவியுடையதுதானே, ரசீதை அவர் பெயரிலேயே எழுதிவிடட்டுமா என்று அந்த மனிதர் கேட்டார். ஆர்வின் முதல் முறையே ஆமாம் என்றான்.